மறுபடியும் முருங்கை மரம்: தோற்றுக்கொண்டே இருக்கும் நாயகனும் நாமும்

"தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், ஒரு குறிப்பிட்ட வயதைத் தாண்டிய தமிழர்கள் "விக்கிரமாதித்தன்" என்று முடித்துவிடுவார்கள். 1947-இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா, பிற்பாடு பல பத்தாண்டுகள் இந்த வரியை மாதாமாதம் அச்சடித்து நம் தலைக்குள் ஏற்றிவிட்டது. கூடவே ஓவியர் சங்கரின் அந்தப் படம்: உருவிய வாளோடு நடக்கும் ராஜா, அவன் தோளில் பிணம், சுற்றிலும் இருட்டு. எங்கள் ஊர் சலூன் பெஞ்சில் முறை வரும்வரை உட்கார்ந்து படித்தவன் நான். அட்டை கிழிந்த பழைய இதழ்கள்தான் கிடக்கும். எந்த மாத இதழ் என்பது ஒரு பொருட்டே இல்லை. எதை எடுத்தாலும் ராஜா மரம் ஏறுவான், பிணத்தை இறக்குவான், வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், அவன் வாயைத் திறப்பான், வேதாளம் மறுபடி மரத்துக்கே போய்விடும்.

யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் விநோதம்தான். அவனுக்கு இருப்பது ஒரே ஒரு வேலை. அதையும் மாதம் தவறாமல் கோட்டை விடுகிறான். ஆனாலும் அவனை உருப்படாதவன் என்று யாரும் சொன்னதில்லை. விடாமுயற்சிக்கு வாத்தியார்கள் அவனைத்தான் உதாரணம் காட்டினார்கள். அதே கதையிலிருந்து இன்னொரு வழக்கும் வந்தது. குடியை விட்டேன் என்று சத்தியம் செய்தவன் நாலே நாளில் கடை வாசலில் நின்றால், "பழையபடி வேதாளம் முருங்கை மரம் ஏறிடுச்சு" என்று சலித்துக்கொள்கிறோம். ஒரே கதைக்கு ஒரு பக்கம் பாராட்டு, மறுபக்கம் சலிப்பு. திரும்பத் திரும்பத் தோற்கும் நாயகனைப் பார்க்கும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இடைவேளைக்கு முன் அடி வாங்கி, கிளைமாக்ஸில் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கும் நாயகர் இங்கே வரமாட்டார். அவருடைய தோல்வி வெற்றிக்குக் கட்டிய முன்பணம். டிக்கெட் வாங்கும்போதே நமக்கு அது தெரியும். ஒரே ஒரு பிழையால் சரிந்து, எழவே முடியாமல் போகிற அவல நாடக நாயகனும் வேறு ரகம். நமக்கு வேண்டியது மூன்றாவது ஆள். போன கதையில் தோற்றவன், இந்தக் கதையில் தோற்பவன், அடுத்த கதையிலும் தோற்கப்போகிறவன். அது நமக்கும் தெரியும், தெரிந்தேதான் போய் உட்காருகிறோம்.

சிரிப்பா, அழுகையா?

இதற்கு ஒரு நல்ல கருவி நம் வீட்டிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மனிதருக்குள் எழுந்து உடம்பில் தெரிகிற உணர்ச்சிகளை எட்டாகப் பிரிக்கிறது. அதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களும் சொல்கிறது. நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்கள்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகை பிறக்கும் இடங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை.

இந்த இரண்டு பட்டியலிலும் முதலில் நிற்கும் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எள்ளல் என்றால் இகழ்ச்சி, கேலி. இளிவு என்றால் இகழப்பட்ட நிலை, அவமானம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சம்பவம்தான். மழை பெய்த தெருவில் ஒருவர் வழுக்கி விழுகிறார். எதிர்க் கடையில் நின்று பார்த்தால் எள்ளல். விழுந்தவர் நம் அப்பா என்று தெரிந்த நொடியில் அது இளிவு. விழுந்தது மாறவில்லை, நாம் நிற்கும் இடம் மாறிவிட்டது.

தோற்றுக்கொண்டே இருக்கும் நாயகன் குடியிருப்பது இந்த எல்லைக்கோட்டில்தான். முதல் தடவை எதிர்க்கடையில் நின்று சிரிக்கிறோம். அவனை அடிக்கடி பார்க்கப் பார்க்கத் தெருவைக் கடந்து அவன் பக்கம் வந்துவிடுகிறோம்.

என் அக்கா மகனுக்கு ஐந்து வயதிருக்கும்போது இதை நேரில் பார்த்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தது வைல் ஈ. கயோட்டி வரும் பழைய கார்ட்டூன். அமெரிக்க இயக்குநர் சக் ஜோன்ஸும் கதாசிரியர் மைக்கேல் மால்ட்டீஸும் சேர்ந்து 1949-இல் உருவாக்கிய ஜோடி அது. கயோட்டி என்பது வட அமெரிக்காவில் திரியும் சின்ன ஓநாய் மாதிரியான விலங்கு. அது துரத்துவது ரோட் ரன்னர் என்ற, ஓட்டத்தில் கில்லாடியான பறவையை. அக்மி என்று ஒரு கற்பனை நிறுவனம். கயோட்டி அதனிடமிருந்து ராக்கெட், ராட்சச ஸ்பிரிங் என்று கண்டதையும் வரவழைத்துப் பொறி வைக்கும். எல்லாம் அதன் தலையிலேயே வெடிக்கும்.

முதல் இரண்டு முறை பையன் உருண்டு புரண்டு சிரித்தான். மூன்றாவது முறை கயோட்டி மலை விளிம்பைத் தாண்டிக் காற்றிலேயே ஓடியது, நின்றது, கீழே பார்த்தது, அப்புறம் திரும்பித் திரையிலிருந்து நம்மைப் பார்த்தது. விழுவதற்கு முன் அந்த ஒரு நொடிப் பார்வை. பையன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். "பாவம் மாமா. அதுக்குப் பசிக்குதுல்ல?" என்றான்.

கணக்குப்படி பார்த்தால் கயோட்டிதான் வில்லன். சும்மா சாலையில் போகிற ஒரு பறவையைத் தின்னத் துரத்துகிற மிருகம். ஆனால் சக் ஜோன்ஸ் தன் விதிகளாகச் சொன்னவற்றில் ஒன்று, பார்ப்பவர்களின் அனுதாபம் கயோட்டி பக்கமே இருக்க வேண்டும் என்பது. இன்னொன்று, ஒவ்வொரு தோல்வியிலும் அதற்குக் காயத்தைவிட அவமானமே அதிகமாக இருக்க வேண்டும் என்பது. தொல்காப்பியர் இளிவு என்று சொன்னதைத்தான் ஹாலிவுட்டில் ஒரு கார்ட்டூன்காரர் தன் வழியில் கண்டுபிடித்து வைத்திருந்தார். மூன்றாவதாக ஒரு விதியும் உண்டு: கயோட்டியை வெளியிலிருந்து எந்தச் சக்தியும் தண்டிக்கக் கூடாது, தன் சொந்தச் சொதப்பலாலோ, வாங்கிய சாமான் காலை வாரியதாலோ மட்டும்தான் அது அடிபட வேண்டும்.

இந்த மூன்றாவது விதியில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். எத்தனை தடவை தோற்றான் என்று ரசிகர் விரல் விட்டு எண்ணுவதில்லை. எதனால் தோற்றான் என்று பார்க்கிறார். அந்தக் காரணத்தை வைத்துத்தான் அவர் சிரிக்கிறார், உருகுகிறார், கடுப்பாகிறார், இல்லை ரிமோட்டை எடுக்கிறார்.

காபி கொட்டியவர்

இங்கே ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். 1966-இல் எலியட் ஆரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் சகாக்களோடு செய்தது. மாணவர்களுக்கு ஒலிநாடா போட்டுக் காட்டினார்கள். அதில் ஒருவர் கடினமான வினாடி வினாக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். சில நாடாக்களில் அவர் 92 சதவீதம் சரியாகச் சொல்லும் கெட்டிக்காரர். சிலவற்றில் 30 சதவீதம் மட்டுமே சொல்லும் சுமாரான ஆள். சிலவற்றில் கடைசியில் நாற்காலி உருளும் சத்தம், கோப்பை விழும் சத்தம், "ஐயோ, புது சூட்டு மேல காபியைக் கொட்டிக்கிட்டேனே" என்கிற மாதிரி ஒரு புலம்பல். கேட்டவர்களிடம், இந்த ஆளை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது என்று விசாரித்தார்கள்.

கெட்டிக்காரர் காபி கொட்டியபோது அவரை இன்னும் கூடுதலாகப் பிடித்திருந்தது. சுமாரான ஆள் அதே காபியைக் கொட்டியபோது, இருந்த கொஞ்சம் பிடித்தமும் குறைந்துபோனது.

கதைக்கு வந்தால் இதன் அர்த்தம் சுலபம். சறுக்குவதற்கு முன் அவனால் எதாவது முடியும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். விக்கிரமாதித்தன் நடுராத்திரியில் சுடுகாட்டுக்குப் போகும் தைரியசாலி, எந்தச் சிக்கலான வழக்குக்கும் தீர்ப்புச் சொல்லும் அறிவாளி. கயோட்டி ஒரு பெரிய இன்ஜினியர். வரைபடம் போட்டுத்தான் வேலையையே ஆரம்பிக்கும். முதல் காட்சியிலிருந்தே எதற்கும் லாயக்கில்லாமல் இருக்கிற ஆள் பத்துத் தடவை தோற்றால், அது தோல்வியாகவே நம் கண்ணில் படாது. எதிர்பார்த்ததுதானே என்று விட்டுவிடுவோம். புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் பலர் அனுதாபம் வரட்டும் என்று நாயகனை எல்லா வகையிலும் மட்டமாக்கிவிட்டு, அப்புறம் ஏன் யாருக்கும் அவன் மேல் ஒட்டுதல் வரவில்லை என்று குழம்புகிறார்கள்.

ஆனால் காபிச் சோதனை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஏனென்றால் சார்லி பிரவுன் என்று ஒருவன் இருக்கிறான்.

பாறாங்கல் விழுந்த பை

சார்லஸ் ஷூல்ஸ் 1950 அக்டோபரில் தொடங்கி 2000 பிப்ரவரி வரை வரைந்த 'பீனட்ஸ்' பட்டைக்கதையின் நாயகன் சார்லி பிரவுன். அவனுக்குத் திறமை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அவன் விடும் பட்டம் மரத்தில் மாட்டும். அவன் தலைமை தாங்கும் பேஸ்பால் அணி தோற்கும். ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் பக்கத்து வீட்டு லூசி, அமெரிக்கக் கால்பந்தைத் தரையில் நட்டமாக நிறுத்தி, ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, "ஓடி வந்து உதை" என்பாள். இவன் ஓடி வருவான். கடைசி நொடியில் பந்தை இழுத்துவிடுவாள். இவன் அந்தரத்தில் பறந்து மல்லாக்க விழுவான். 1952-இல் லூசி ஆரம்பித்த இந்த விளையாட்டு, பட்டைக்கதை முடிகிறவரை நடந்தது.

1966-இல் ஒளிபரப்பான ஒரு ஹாலோவீன் தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சியில் லூசி ஒருபடி மேலே போகிறாள். இந்த முறை இழுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட பத்திரத்தையே காட்டுகிறாள். எழுத்து மூலமாக இருக்கிறதே என்று நம்பி ஓடி வருகிறான். பந்து போய்விடுகிறது. மல்லாந்து கிடப்பவனிடம் பத்திரத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, இதில் நோட்டரி சான்று வாங்கவில்லையே என்கிறாள். நம்மூர் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு தடவை போய் வந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பின் சுவை தனியாகவே தெரியும்.

சார்லி பிரவுன் ஏன் தோற்கிறான்? நம்புகிறான், அதனால். போன வருஷம் ஏமாற்றியவளை இந்த வருஷமும் நம்புகிறான். தொல்காப்பியப் பட்டியலில் நகைக்கு நான்காவதாக வருகிற மடன் இதுதான். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாத வெள்ளந்தித்தனம். காபிச் சோதனையில் கெட்டிக்காரருக்குத் திறமை கை கொடுத்த இடத்தில், சார்லி பிரவுனுக்கு மனசு கை கொடுக்கிறது.

அந்த நிகழ்ச்சியிலேயே இன்னொரு காட்சி. ஹாலோவீன் ராத்திரி பிள்ளைகள் மாறுவேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். மற்ற பிள்ளைகளின் பையில் மிட்டாய், பிஸ்கட், சில்லறைக் காசு. சார்லி பிரவுனுக்கு மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கல். பையைத் திறந்து பார்த்துவிட்டு, எனக்குக் கல்தான் கிடைத்தது என்று தட்டையான குரலில் சொல்கிறான். புகார் இல்லை, அழுகையும் இல்லை. ஒளிபரப்பு முடிந்த பிறகு ஷூல்ஸின் அலுவலகத்துக்குப் பொட்டலம் பொட்டலமாக மிட்டாய் வந்து சேர்ந்தது. சார்லி பிரவுனுக்குக் கொடுக்கச் சொல்லிப் பிள்ளைகள் அனுப்பியது.

இந்த எதிர்வினையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கதையை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவனை ஜெயிக்க வையுங்கள் என்றும் சொல்லவில்லை. அவன் தோற்றதைத் தோற்றதாகவே ஏற்றுக்கொண்டு, தங்கள் பங்கை அவன் பையில் போட வந்தார்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

பதினொரு வருஷம் கழித்து, 1977-இல், இதே சார்லி பிரவுனை வைத்து இன்னொரு சிறப்பு நிகழ்ச்சி. பள்ளிக் கால்பந்துப் போட்டி. பந்தை உதைக்க வேண்டியவன் இவன், பிடிக்க வேண்டியவள் லூசி. என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப இழுத்துவிடுகிறாள், அணி தோற்கிறது. இந்தத் தடவை பார்வையாளர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். இத்தனைக்கும் லூசி புதிதாக எதையும் செய்துவிடவில்லை, கால் நூற்றாண்டாகச் செய்துவந்ததைத்தான் செய்தாள். கோபத்துக்குக் காரணம், ஊரே பார்க்க அவள் பந்தை இழுத்திருக்க, கதையில் உள்ளவர்கள் பழியைச் சார்லி பிரவுன் மேல் போட்டதுதான். அவனைத் திட்டும் வசனங்களில் சில, பின்னால் மறு ஒளிபரப்பில் நீக்கப்பட்டன.

தோல்வியை ரசிகர் பொறுத்துக்கொள்வார். பொய்த் தீர்ப்பைப் பொறுக்க மாட்டார். நாயகன் எதனால் தோற்றான் என்பது அவருக்குக் கண்ணெதிரே தெரிந்த உண்மை. கதையே அதை மறுத்தால், கதை சொன்னவர் மேல் திரும்புவார்.

"வாயைத் திறந்து சொல்லேன்டி"

கடுப்பு எங்கே பிறக்கிறது என்று பார்க்க அமெரிக்கா போகத் தேவையில்லை. ராத்திரி எட்டு மணிக்கு என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் போதும். தொடர் ஓடிக்கொண்டிருக்கும். நாயகி மேல் வீண் பழி. அவளிடம் சாட்சி இருக்கிறது, கடிதம் இருக்கிறது, கைப்பேசியில் படமே இருக்கிறது. எல்லோரும் கூடி நின்று கேட்கிறார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். இசை ஏறுகிறது, ஒவ்வொருவர் முகமாகக் காட்டுகிறார்கள், தொடரும். பெரியம்மா டிவியைப் பார்த்துக் கத்துவார்: "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லேன்டி!"

விக்கிரமாதித்தன் வாயைத் திறந்து தோற்றான், இவள் வாயைத் திறக்காமல் தோற்கிறாள். இரண்டுக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரிது. வேதாளம் அவனைக் கட்டிப்போட்ட விதத்தைப் பாருங்கள்: பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை சுக்குநூறாகிவிடும், சொன்னால் மௌனம் கலைந்து வேலை கெடும். அவன் அறிவாளியாக இருப்பதால்தான் தோற்கிறான். கொஞ்சம் மக்காக இருந்திருந்தால் முதல் நாளே பிணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பான். அவனுடைய தோல்வி அவனுக்குள்ளிருந்து வருகிறது. நாயகியின் தோல்விக்கு ஊற்று அவளுக்குள் இல்லை. அடுத்த வாரம் ஐந்து நாளை ஓட்ட வேண்டுமே என்கிற கணக்கில் இருக்கிறது. எழுத்தாளரின் கை அவள் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரிகிறது. அவர் திட்டுவது நாயகியை என்றாலும் கோபம் அந்தக் கையின் மேல்தான்.

சரி, கடுப்பாகிறவர் ஏன் மறுநாளும் பார்க்கிறார்? கேட்டேன். "அவ சொல்ற அன்னைக்கு நான் இருக்க வேணாமா?" என்றார். அதையும் கணக்கில் வைத்துத்தான் எழுதுகிறார்கள், வேறென்ன.

தன் குணத்தாலேயே தோற்கிறவனுக்கு நம்மிடம் கர்ணனைவிடப் பெரிய உதாரணம் இல்லை. கவச குண்டலத்தைக் கேட்டு வந்திருப்பது இந்திரன் என்று தெரிந்தும் அறுத்துக் கொடுக்கிறான். வடமாவட்டங்களில் கர்ண மோட்சம் கூத்து விடிய விடிய நடக்கும். முடிவு தெரியாதவர் அந்தக் களத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார். அவன் விழுகிற நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போகிறவரும் இல்லை.

இருபத்தாறு வருஷம், நாற்பத்தெட்டு ஏமாற்றம்

இந்த வகை நாயகனை ஒரு நாடே வளர்த்த கதை ஜப்பானில் நடந்தது. அவன் பெயர் தோராஜிரோ, எல்லோருக்கும் தோரா-சான். 1968-இல் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடராக வந்தான். கதை யோஜி யமடா, நடித்தவர் கியோஷி அட்சுமி. ஊர் ஊராகப் போய்த் திருவிழாவில் கடை விரிக்கும் நாடோடி வியாபாரி. கட்டம் போட்ட கோட்டு, வயிற்றைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, கையில் பழைய தோல்பெட்டி. டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் ஷிபமடா என்ற கோயில் தெருவில் அவனுடைய சித்தப்பாவும் சித்தியும் அரிசிமாவு உருண்டைக் கடை நடத்துகிறார்கள். அங்கேதான் தங்கை சகுராவும் வந்து போவாள்.

1969 மார்ச்சில் தொடரை முடித்தபோது, தோரா-சான் விஷப்பாம்பு கடித்துச் செத்துப்போவதாகக் காட்டினார்கள். தொலைக்காட்சி நிலையத்தில் எதிர்ப்பு குவிந்தது. பெண் கிடைக்கவில்லை, காசு சேரவில்லை, மானம் போனது, அதையெல்லாம் தாங்கிக்கொண்ட ரசிகர்கள், அவன் இனி தோற்கக்கூட முடியாது என்பதைத் தாங்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அவனைச் சினிமாவில் உயிரோடு கொண்டுவந்தார்கள். 1995 வரை 48 படங்கள், பெரும்பாலான வருஷங்களில் வருஷத்துக்கு இரண்டு. நம்மூரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் படம் பார்ப்பது போல அங்கே குடும்பம் குடும்பமாகப் புத்தாண்டுக்குத் தோரா-சான் பார்த்தார்கள்.

கதை ஒவ்வொரு தடவையும் அநேகமாக ஒன்றுதான். தோரா-சான் வீட்டுக்கு வருவான், எதற்காவது சண்டை போடுவான், ஒரு பெண்ணைப் பார்ப்பான், மனதைப் பறிகொடுப்பான். அவளுக்காக ஓடியாடி எல்லாம் செய்வான். அவளும் அன்பாகப் பேசுவாள். கொட்டகையில் இருக்கும் அத்தனை பேருக்கும் புரிந்துவிடும், அவனுக்கு மட்டும் கடைசியில்தான் புரியும், அவள் மனதில் வேறொருவர் இருக்கிறார் என்பது. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். தங்கை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

1975-இல் வந்த பதினைந்தாவது படத்தில் ஒரு காட்சி. லில்லி என்ற ஊர் ஊராகப் பாடும் பாடகி. அவளும் இவனைப் போலத்தான், ஓரிடத்தில் தங்காதவள். இருவரும் ஒரு நாள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அன்று மழை. லில்லி ரயிலிலிருந்து இறங்கி வருகிறாள். ஸ்டேஷன் வாசலில் தோரா-சான் குடையோடு நிற்கிறான், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு. பிறகு ஒரே குடையில் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். பார்க்கிறவர் மனம் நெகிழ்ந்துவிடும், இந்தத் தடவை நடந்துவிடுமோ என்று.

அதற்குப் பிறகு சகுரா லில்லியிடம், அண்ணனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டேவிடுகிறாள். லில்லி சரி என்கிறாள். என்னைப் போன்றவள் போதுமென்றால் எனக்குச் சம்மதம் என்கிற பொருளில், சிரிக்காமல் சொல்கிறாள். அந்த நேரம் தோரா-சான் உள்ளே வருகிறான். விஷயத்தைச் சொல்கிறார்கள். அவன் முகம் ஒரு மாதிரியாகிறது. விளையாட்டுக்குத்தானே சொன்னாய் என்று லில்லியைக் கேட்கிறான். அவள் ஒரு கணம் அவனையே பார்க்கிறாள். ஆமாம், விளையாட்டுக்குத்தான் என்கிறாள். கிளம்பிவிடுகிறாள். அவன் பின்னால் ஓடவில்லை.

பதினான்கு படமாக விதி அவனைக் கைவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தக் காட்சி ஓர் அடி. பத்தாவது படத்திலும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஒரு பெண் சம்மதிக்கப்போகிற நேரத்தில் அவனாகவே நழுவிவிடுவான். பெண்கள் மறுப்பதால் மட்டும் அவன் தனியாக இல்லை. கேட்டது கிடைக்கும் தூரத்தில் வந்தால் அவன் கால் பின்வாங்குகிறது. பந்து அங்கேயே இருக்கிறது, லூசி இழுக்கவே இல்லை, இவனாக ஓட்டத்தை நிறுத்திக்கொள்கிறான்.

இது தெரிந்த பிறகு ரசிகர்கள் அவனை வெறுத்திருக்க வேண்டும் அல்லவா? இன்னும் 33 படங்களுக்கு வந்தார்கள். எனக்குத் தோன்றும் காரணம், இந்தத் தோல்வி எல்லோருக்கும் வீட்டிலேயே பழக்கமானது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டது, சொல்ல வேண்டிய நேரத்தில் சும்மா சொன்னேன் என்று மழுப்பியது, இது இல்லாத ஆள் கிடையாது. தகுதியில்லாமல் வரும் துன்பம் இரக்கத்தை உண்டாக்கும், நம்மைப் போன்றவருக்கு வரும் துன்பம் அச்சத்தை உண்டாக்கும் என்று அரிஸ்டாட்டில் பிரித்துச் சொன்னார். குடைக் காட்சிவரை இரக்கம். விளையாட்டுக்குத்தானே என்ற கேள்வியில் அச்சம்.

1996 ஆகஸ்டில் அட்சுமி இறந்தார், படவரிசை நின்றது. அரசு அவருக்கு மக்கள் மரியாதை விருதை வழங்கியது. ஷிபமடா ரயில் நிலையத்துக்கு முன்னால் தோரா-சானுக்குச் சிலை இருக்கிறது. பெட்டியோடு ஊரை விட்டுக் கிளம்புகிறவன், ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற கோலம். 2017-இல் அவன் பார்வை போகும் திசையில் சகுராவுக்கும் ஒரு சிலை வைத்தார்கள்.

ஜெயித்துவிட்டால்?

புதிதாகக் கதை எழுத வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. இத்தனை தடவை தோற்றவனைக் கடைசியில் ஜெயிக்க வைத்தால் ரசிகர்களுக்குச் சந்தோஷமாக இருக்காதா?

பழைய வேதாளக் கதையில் ராஜா ஜெயிக்கிறான். பதினொன்றாம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் அது இருக்கிறது. கடைசிக் கேள்வி: ஒரு தகப்பன் வேறு வீட்டுப் பெண் ஒருத்தியையும், அவன் மகன் அந்தப் பெண்ணின் தாயையும் மணந்துகொண்டால், இரண்டு ஜோடிக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? நம் ஊரில் ஏழு தலைமுறை உறவைக் கடகடவென்று சொல்லும் பாட்டிகளே இதில் திணறுவார்கள். ராஜாவுக்கும் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். வேலை முடிந்தது. எல்லாம் தெரிந்தபோது தோற்றவன், ஒன்று தெரியாமல் போனபோது ஜெயித்தான். அழகான முடிவு. ஆனால் அம்புலிமாமா அங்கே நிற்கவில்லை, வேறு வேறு கதைகளை வேதாளத்தின் வாயில் போட்டு வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தது. படித்த நாங்களும் எப்போது முடியும் என்று கேட்கவில்லை.

கயோட்டிக்கும் ஒரு தடவை பறவை சிக்கியது. 1980-இல் வந்த ஒரு குறும்படம். ஒரு குழாய்க்குள் துரத்திப் போனதில் கயோட்டி எறும்பு மாதிரிச் சுருங்கிவிடும், பறவை மலை மாதிரி நிற்கும். அதன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நம்மை நோக்கி ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டும்: இவ்வளவு நாளாய்ப் பிடி பிடி என்றீர்களே, பிடித்துவிட்டேன், இப்போது என்ன செய்ய? அதற்கு மேல் அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை, முடிந்துவிடும்.

ஷூல்ஸ் தன் பையன் விஷயத்தில் உறுதியாகத்தான் இருந்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு சார்லி பிரவுனைப் பந்தை உதைக்க விடுவது அவனுக்கே செய்யும் கெடுதல் என்று சொல்லியிருந்தார். 1999 இறுதியில் உடல்நலம் குன்றி, ஓய்வை அறிவித்த பிறகு அவர் பேச்சு வேறு மாதிரி ஆனது. பாவம், அந்தப் பையன் கடைசிவரை பந்தை உதைக்கவே இல்லையே, எப்பேர்ப்பட்ட மோசம் செய்துவிட்டேன் என்று கலங்கினார். இத்தனை வருஷமும் பந்தை இழுத்தது லூசியின் கையாக இருந்தாலும், அதை வரைந்த கை தன்னுடையது என்பது அவருக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும். 2000 பிப்ரவரி 12 அன்று இறந்தார். கடைசி ஞாயிற்றுப் பட்டை மறுநாள் காலைச் செய்தித்தாள்களில் வந்தது.

கால்பந்து வந்த கடைசிப் பட்டை அதற்குச் சில மாதம் முந்தியது, 1999 அக்டோபர் 24. வழக்கம்போல லூசி பந்தைப் பிடித்திருக்கிறாள். சாப்பிட வரச் சொல்லி வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். பந்தைத் தம்பி ரீரன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறாள். உதைக்கும் காட்சியை ஷூல்ஸ் வரையவில்லை. தம்பி வீட்டுக்குள் வருகிறான். லூசி ஆவலோடு கேட்கிறாள், என்ன ஆச்சு, இழுத்துவிட்டாயா, இல்லை அவன் உதைத்துவிட்டானா? உனக்குத் தெரியவே போவதில்லை என்று சொல்லிவிடுகிறான் தம்பி.